“ஓடும்ணே” என்று சொன்னது

“இப்படியே விட்டா ஓடும்ல தம்பி?” என்று என் பட்டறைக்குப் பழைய பைக்கோடு வந்த பூ விவசாயி ஒருவர் கேட்டார். “ஓடும்ணே” என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். பழைய வண்டி வைத்திருக்கிற யாரும் கேட்கிற கேள்வி, பட்டறையில் நிற்கிற யாரும் சொல்கிற பதில். ஆனால் அந்த ஒரு ‘ஓடும்’ மட்டும் இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

அவர் வண்டி 1990-களின் கடைசியில் வாங்கிய ஸ்ப்ளெண்டர் பைக். தோட்டம் உசிலம்பட்டிப் பக்கம். இருட்டோடு மல்லிகை பறித்து, மூட்டை கட்டி, செக்கானூரணி வழியாக மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருவார். மொட்டு விரிந்தால் விலை போச்சு. அதனால் வண்டி ஒரு நாள் நின்றாலும் அவருக்கு நஷ்டம்தான். பூவுக்கு நாளை என்பதே கிடையாது.

மூன்றாவது கியர் நிற்கவில்லை என்று வந்தார். வேறொரு இடத்தில் ஏற்கெனவே கிளட்ச் பிளேட் மாற்றிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ‘இன்ஜின் கத்துது, வண்டி போகல’ என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் முதலில் கிளட்ச்தான் ஞாபகம் வரும். கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கிளட்ச் வழுக்கினால் சத்தம் ஏறிக்கொண்டே போகும், வேகம் பின்தங்கும், கியர் லீவர் அசையாது. கியர் நழுவினால் ‘டக்’ என்று ஒரு அடி, உடனே இன்ஜின் வெறுமனே அலறும், லீவரை மறுபடி மிதித்தால் பிடித்துக்கொள்ளும். இவருடையது இரண்டாவது வகை. அதுவும் ஆக்சிலரேட்டரை முறுக்கி இழுக்கும்போது மட்டும்.

நான் எப்போதும் வெளியிலிருந்துதான் உள்ளே போவேன். லீவர் தண்டில் பற்கள் தேய்ந்து சுற்றுகிறதா, கிளட்ச் கேபிளில் சரியான தளர்வு இருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பேன். இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழ அடம்பிடித்தால் கிளட்ச் சரியாக விடவில்லை என்று சந்தேகப்படலாம். நிறுத்திய பிறகும் சிக்கினால் கோளாறு உள்ளே. இவர் வண்டியில் நான்கு கியரும் அருமையாக விழுந்தன. விழுவதில் பிரச்சினை இல்லை, விழுந்தது நிற்கவில்லை.

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வலதுபக்க மூடியையும் கிளட்ச்சையும் கழற்றினால் கியரை மாற்றச் சுழல்கிற உருளையான கியர் டிரம்மை ஒவ்வொரு கியரிலும் நிறுத்திப் பிடிக்கிற ஸ்டாப்பர் தெரியும். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இன்ஜினை இறக்காமலேயே வேலை முடிந்துவிடும். அது தளர்ந்திருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டுதான் கழற்றினேன். ஸ்பிரிங் கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. புதிது போட்டேன். இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கிற, சுழன்று அழுக்கைப் பிரிக்கும் ஆயில் ஃபில்டரையும் கீழே இருக்கிற சல்லடையையும் அப்படியே சுத்தம் செய்தேன். அதில்தான் அந்த மினுமினுப்பைப் பார்த்தேன். இரும்புத்தூள். நிறைய இல்லை, ஆனால் இருந்தது.

அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் முறுக்கினால் மறுபடியும் ‘டக்’.

அப்படியென்றால் உள்ளேதான். பக்கத்துப் பக்கத்துக் கியர்கள் விரல் கோத்துப் பிடிப்பதுபோல மேடும் பள்ளமுமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த மேடுகளின் ஓரம் மழுங்கிவிட்டால் சுமை ஏறும்போது ஒன்றையொன்று தள்ளிவிடும். இல்லையென்றால் அவற்றை நகர்த்துகிற ஃபோர்க் தேய்ந்தோ வளைந்தோ இருக்கும். எதுவானாலும் இன்ஜினை இறக்கி, கேஸைப் பிரிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. சாமான், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்தால் அந்த வண்டி விலைபோகிற பணத்தில் பாதியைத் தொடும். நாட்கணக்கில் வண்டி பட்டறையில் கிடக்கும். இதை ஒளிக்காமல் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பொய் சொல்லவில்லை. வண்டி ஓடும். எப்படி ஓட்டணும் என்றும் சொன்னேன்: “ரெண்டுல கொஞ்சம் கூடுதலா ஏத்திக்கங்கண்ணே. மூணுல இழுக்காம, தொட்டுட்டு நாலுக்குப் போயிருங்க. லீவர் மேல கால வச்சு அமுக்கிப் பிடிக்காதீங்க, ஃபோர்க் இன்னும் சீக்கிரம் போயிரும்.” உள்ளே தூள் உதிர்கிறது, எப்போதும் இப்படியே இருக்காது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். மூட்டை கட்டுகிற கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

என் நினைப்பு சிக்கிக்கொள்வது அங்கேதான். ‘ஓடும்’ என்பதை முதலில் சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தன. ஒரு மனிதர் அவசரத்தில் கேட்கும்போது முதலில் வருவதைத்தான் பிடித்துக்கொள்வார். வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தால்? மாற்றிச் சொல்லியிருந்தாலும் அவரிடம் அன்றைக்குப் பணம் இல்லை, நாளும் இல்லை. பயம் மட்டும் கூடியிருக்கும். பயத்தோடு இருட்டில் ஓட்டுவது நல்லதா?

இன்னொரு பக்கம் இதையும் யோசிக்கிறேன். செக்கானூரணிக்கு முன்னால், விடியாத நேரம், பின்னால் பூமூட்டை. ஒரு பஸ்ஸைத் தாண்ட மூன்றாவதில் முறுக்குகிறார். அந்த நேரம் பார்த்துக் கியர் விட்டுவிட்டால், எதிரே வருகிற லாரிக்கு என் அறிவுரை தெரியாது. அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்றுவரை நடக்கவில்லை. அதை வைத்து நான் சொன்னது சரி என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவர் இப்போதும் ஆயில் மாற்ற வருகிறார். “நீங்க சொன்ன மாதிரியே ஓட்டுறேன் தம்பி, ஒரு குறையும் இல்ல” என்கிறார். அவர் நன்றியாகச் சொல்கிறார். எனக்கு அது சுமையாக இறங்குகிறது. வடித்த ஆயிலை வெயிலில் பிடித்து அவருக்கும் காட்டுகிறேன். “தை முடியட்டும், பிரிச்சிரலாம்” என்கிறார். மார்கழிப் பனியில் பூ வரத்து குறைந்து விலை ஏறுகிற காலத்தில்தான் அவர் கையில் நாலு காசு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடுங்கி வைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் பட்டறைக்காரனுக்கு உரிமையே இல்லை என்றால் அவன் எதற்கு?

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான், கொஞ்ச நாள் முன்பு கல்லூரிப் பையன் ஒருவன் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைக் கொண்டுவந்து இதே குறையைச் சொல்லி, “சும்மா ஓடுற மாதிரி பண்ணிக் கொடுங்கண்ணே” என்றபோது, பிரித்தால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வாதாடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனான். அங்கே ஆயிலை மட்டும் மாற்றி, சாயங்காலமே ஓட்டிக்கொண்டு போனானாம். லீவரைக் காலால் அமுக்கிப் பிடிக்கக் கூடாது என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.