ஈரக்காற்றில் கிறிஸ்துமஸ் கைவேலை: நாட்குறிப்பு, 2024

நவம்பர் 16, சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. இனி மேசை முழுக்கக் கைவேலைதான். இந்த ஆண்டு மாவுத் தொங்கல்கள், திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காலம்) வளையம், வாசலுக்கு ஒரு மூங்கில் நட்சத்திரம், இயேசு பிறப்புக் குடிலைச் சுற்றி வைக்க முளைவிட்ட பச்சை, பரிசுகளுக்குப் பெயரட்டை. காயப் பல நாள் பிடிப்பது முதலில், காகித வேலை கடைசியில்.

குளிர்நாட்டுச் செய்முறையில் 'ஓர் இரவு காயவிடவும்' என்றிருந்தால் இங்கே மூன்று இரவு என்று வாசிக்க வேண்டும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும், விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு. அதனால் சாயம், வார்னிஷ், வெள்ளைப் பசை மூன்றுக்கும் பகல் 12 முதல் 4 மணி வரைதான் நேரம். இரவு உணவுக்குப் பிறகு பூசினால் காலையிலும் விரல் ஒட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

உப்பு மாவு. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பத்து நிமிடம் பிசைய வேண்டும். பிசைவது குறைந்தால் விளிம்பில் வெடிப்பு விடும். 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, பபிள் டீ உறிஞ்சுகுழலால் துளை போட்டோம். மெல்லிய குழலால் போட்ட துளை வேகும்போது மூடிக்கொள்ளும்.

ஓவனில் 100 டிகிரி, இரண்டரை மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பினோம். அவசரத்துக்கு 150 வைத்தால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தள்ளும். அப்பளம் போலக் கொப்புளம் கிளம்பும், பின் எதுவும் செய்ய முடியாது.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்றிரவு முழுக்க மழை. காலையில் உப்பு மாவு நட்சத்திரங்கள் வியர்த்திருந்தன. தொட்டால் பிசுபிசுப்பு, ஓரங்கள் மெத்து.

ஓவனில் சரியாகக் காயாததுதான் காரணம் என்று பலரும் நினைத்து மறுபடி சுடுகிறார்கள். காரணம் உப்பு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் ஊரில் அநேகமாக ஒவ்வோர் இரவும் அந்த அளவு தாண்டுகிறது. எத்தனை முறை சுட்டாலும் அன்றிரவே மீண்டும் வியர்க்கும்.

உப்பு மாவில்தான் செய்வேன் என்பவர்கள் ஓவனிலிருந்து எடுத்து, சூடு ஆறியவுடன், அதே நாளில் வார்னிஷ் பூச வேண்டும். முன், பின், விளிம்பு, துளையின் உட்சுவர் எல்லாம், இரண்டு பூச்சு. துளையை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. அங்கே நுழையும் ஈரம் உள்ளிருந்தபடியே சாயத்தை உரித்துவிடும்.

நவம்பர் 20, புதன்

எங்கள் பரிந்துரை சோடா மாவு. உப்பே இல்லை, வியர்க்காது, பால் வெள்ளை, சாயம் பூசாமலே அழகு.

சமையல் சோடா 2 கப், சோளமாவு 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். மூன்றையும் ஆறின பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். நடுத்தரத் தீயில் கைவிடாமல் கிண்டினால் முதலில் பால் போல் இருக்கும், பிறகு திடீரென்று திரளும். மசித்த உருளைக்கிழங்கு போல் ஆனதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் அரை நிமிடம் விட்டாலும் நீர் வற்றி, தேய்க்கும்போது பிளக்கும். ஈரத் துணியால் மூடி ஆறவைத்து, வழுவழுப்பாகும்வரை பிசைய வேண்டும்.

பேக்கிங் பவுடர் போட்டுவிட வேண்டாம். அதில் அமிலம் கலந்திருப்பதால் தண்ணீர் பட்டதும் நுரைக்கும். சோளமாவு என்றால் கஞ்சிக்கும் சூப்புக்கும் கலக்கும் வெண்மையான மாவு. மஞ்சள் மக்காச்சோள மாவு இங்கே உதவாது.

5 மி.மீ. கனம். இதை ஓவனில் வைக்காமல் கம்பி வலைத் தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் வைத்தால் போதும். முதல் நாள் நான்கு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அந்தப் பக்கம் சுருங்கி, துண்டு கிண்ணம் போல் வளையும். பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் காயவே காயாது.

நவம்பர் 24, ஞாயிறு

சோடா மாவுத் துண்டுகள் நகத்தால் தட்டினால் பீங்கான் சத்தம் தருகின்றன. விளிம்பை 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தோம். தூளை ஊதாமல் ஈரமில்லாத தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும், கண்ணில் பட்டால் எரியும். குழந்தைகள் தேய்க்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது.

காய்ந்த ஆரஞ்சு வில்லைகளை மரத்தில் தொங்கவிடுவதைப் பற்றி: இங்கே வேண்டாம். இரண்டாம் நாளே ஒட்டத் தொடங்கும், மூன்றாம் நாள் எறும்பு வரிசை வந்துவிடும்.

நவம்பர் 30, சனி

நாளை திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வளையம் இன்றே முடிய வேண்டும்.

அடித்தளத்துக்கு அட்டைப்பெட்டியிலிருந்து வளையம் வெட்டினோம், வெளி விட்டம் 30, உள் விட்டம் 20 செ.மீ. இரண்டு வளையங்களை, நெளிவரிகள் குறுக்காக வரும்படி ஒட்டினால் வளையாது. பூங்காக்களில் இலை தழை வெட்ட அனுமதியில்லை. ஈரச்சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் பாண்டான் இலை போதும், வீடும் மணக்கும். இலையை மடக்கிக் கண்ணி போலாக்கி, முந்தைய கண்ணியின் அடியை மறைக்கும்படி நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். காயக் காயச் சுருங்கும், ஆகவே நெருக்கமாக, இன்னொன்றுக்கு இடமில்லை என்னும் அளவுக்குக் கட்டினால்தான் நான்கு நாள் கழித்து அட்டை தெரியாது. வாரத்துக்கு ஒரு கட்டுப் புதிதாகச் செருகலாம்.

ஞாயிற்றுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி நான்கு: ஊதா மூன்று, இளஞ்சிவப்பு ஒன்று. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிற்றுக்கு, அதாவது டிசம்பர் 15க்கு. காய்ந்த இலையின் நடுவே தீ வேண்டாம். பேட்டரி மெழுகுவர்த்திகள் சூடாகாதவை, அவற்றின் மேல் வண்ணக் காகிதம் சுற்றினால் நிறமும் கிடைத்துவிடும்.

டிசம்பர் 7, சனி

நட்சத்திரம். எல்லாவற்றிலும் இதைத்தான் மிகவும் விரும்பிச் செய்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் நட்சத்திரம் தொங்காத டிசம்பர் ஏது?

செடிக்கு முட்டுக்கொடுக்கும் மூங்கிலைப் பிளந்து, 42 செ.மீ. நீளம், 4 முதல் 5 மி.மீ. கனத்தில் 10 குச்சிகள் எடுத்துக்கொண்டோம். கனம் 8 மி.மீ. ஆனால் வளைக்கும்போது முறியும். கணு உள்ள குச்சியில் கணு சந்திப்பில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் சொன்னபடி வளையும்.

அளவுதான் உயிர். ஒவ்வொரு குச்சியிலும் இரு முனையிலிருந்தும் 1 செ.மீ. விட்டு ஒரு கோடு. அதிலிருந்து உள்நோக்கி 15.3 செ.மீ.யில் இன்னொரு கோடு. நடுவில் 9.4 செ.மீ. மிஞ்சும். ஐந்து குச்சிகளை ஐந்துமுனை நட்சத்திரமாக, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று பின்னி, உட்கோடும் உட்கோடும் சந்திக்கும் இடத்தில் கட்டினால் கோணம் தானாகச் சரியாகிவிடும், பாகைமானி வேண்டாம். கண் மதிப்பில் கட்டினால் ஒரு கால் நீளும், மற்றது குட்டையாகும், எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. வேறு அளவு வேண்டுமானால், வெளிக்கோடுகளுக்கு இடையிலான நீளத்தை 0.382ஆல் பெருக்கினால் உட்கோட்டின் இடம் கிடைக்கும். சத்தே (இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும்) குச்சியில் குட்டி நட்சத்திரம் செய்ய, 24 செ.மீ.க்கு 9.2.

இப்படி இரண்டு நட்சத்திரம். ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உட்சந்திப்புகளுக்கு இடையே 9 செ.மீ. குச்சிகள் ஐந்தைச் செருகினால் நடு உப்பி நட்சத்திரம் உருவம் பெறும். செருகும் குச்சிகளின் இரு நுனியிலும் கத்தியால் சிறு வாய் வெட்டிவைத்தால் வழுக்கி விழாது. ஐந்தையும் தளர்வாக நிறுத்திய பிறகே இறுக்கிக் கட்ட வேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் எதிர்ப்பக்கம் எகிறும்.

கட்டுவதற்கு மெழுகு பூசிய நூல். ரப்பர் பேண்டு இந்த வெப்பத்தில் இரண்டு வாரத்தில் இற்றுப்போகும்.

டிசம்பர் 8, ஞாயிறு

காகிதம் ஒட்டும் நாள். முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் நட்சத்திர வடிவில் ஒவ்வொரு தாள். பக்கவாட்டில் 10 முக்கோணங்கள், அடி 9, பக்கங்கள் 15.3 செ.மீ., சுற்றிலும் ஒன்றரை செ.மீ. மடிப்புக்கு.

பகல் 12 மணிக்குப் பிறகே பசை என்ற விதி இந்த ஒரு வேலைக்கு மட்டும் தலைகீழ். காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். உலர்ந்த பிற்பகலில் இழுத்து ஒட்டிய பட்டத்தாள் அன்றிரவே தொய்யும். காலையில், காற்றில் ஈரம் இருக்கும்போதே ஒட்டி, பசை பிடித்த பின் மேலே பனிபோலத் தண்ணீர் தெளித்தால், காயும்போது மத்தளத் தோல் போல் விறைக்கும். மழை இரவில் கொஞ்சம் தளர்ந்தாலும் மறுநாள் பகலில் திரும்ப விறைத்துவிடும்.

கிரேப் தாளின் சாயம் ஈரத்தில் கசியும், வாசல் சுவரில் சிவப்பு வழிந்தால் மீண்டும் வெள்ளையடிக்க வேண்டியதுதான். சாரல் அடிக்கும் வாசலென்றால் பக்கவாட்டு முக்கோணங்களுக்குப் பளபளப்பு பிளாஸ்டிக் தாள் நல்லது. மேல்முனையருகே ஒரு முக்கோணத்தைப் பசை போடாமல் விட்டு, அது வழியாக விளக்கை இறக்கினோம். பேட்டரி எல்இடி சரம் மட்டும். காகிதக் கூட்டுக்குள் சூடாகும் பல்பு கூடவே கூடாது. சுவர் மின்சாரத்தில் ஓடும் சரமென்றால் அடாப்டரில் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. நட்சத்திரத்தை வாசல் கேட்டின் கம்பியில் இரண்டு கேபிள் டையால், தலைக்கு மேலே கட்டினோம். தாழ்வாரச் சுவருக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது, கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

டிசம்பர் 11, புதன்

நட்சத்திரம் மூன்று நாள் மழை தாங்கியது. இரட்டைப்பக்க டேப் போட்டுச் சுவரில் ஒட்டிய காகிதத் தோரணம் மட்டும் விழுந்தது. சுவரை ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டினால் நிற்கிறது.

டிசம்பர் 14, சனி

குடிலுக்குப் பச்சை விதைக்க இன்று சரியான நாள். தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) வாங்கிய கேழ்வரகு 2 மேசைக்கரண்டி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு நாள் துணியில் கட்டிவைத்தது. 20க்கு 30 செ.மீ. தட்டில் 2 செ.மீ. தேங்காய்நார்த் தூளை ஈரமாக்கிப் பரப்பி, மேலே தூவினோம். முதல் இரண்டு நாள் செய்தித்தாளால் மூடிவைத்தால் நெடுநெடுவென்று எழும், பிறகு வெளிச்சம். நெருக்கமாகத் தூவினால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரைத் தெளிக்க மட்டுமே வேண்டும், தட்டில் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

டிசம்பர் 15, ஞாயிறு

பெயரட்டை. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஏ4 அட்டையில் 5க்கு 9 செ.மீ. அளவில் 12 அட்டைகள் வரும், விரயம் குறைவு. வீட்டில் இருக்கும் தானியப் பெட்டிகளின் உட்புறமும் நன்றாக இருக்கும்.

அச்சுக்கு வெண்டைக்காய். குறுக்கே வெட்டினால் ஐந்துமுனை நட்சத்திரம் தயார். முற்றலானதே நல்லது, பிஞ்சு நசுங்கும். வெட்டியவுடன் சாயத்தில் தொட்டால் வழவழப்பு கலந்து உருவம் கலங்கும். வெட்டிய முகத்தை டிஷ்யூ தாளில் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்தால் சரி. சாயம் தயிர்ப் பதத்தில், பஞ்சில் ஊறவைத்து, அதில் ஒற்றி எடுக்க வேண்டும். தாமரைக்கிழங்கு வட்டமும் பிரமாதம், துளைகளால் பனித்துளிப் பூ போல் விழும்.

கோலம் தெரிந்த கைகளுக்கு இன்னொன்று. ஊடுபுள்ளி (ஒரு வரிசையின் புள்ளிகள் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் வருவது) 3, 4, 5, 4, 3 என்று 19 புள்ளி, இடைவெளி 8 மி.மீ. வெளி மூலைகள் ஆறில் ஒன்றுவிட்டு ஒன்றைச் சேர்த்தால் இரண்டு முக்கோணங்கள் பின்னி ஆறுமுனை நட்சத்திரம். ஒவ்வொரு கோடும் நடுவில் ஓர் உட்புள்ளியைத் தொட்டுப் போக வேண்டும், தொடவில்லை என்றால் புள்ளி வரிசை நகர்ந்திருக்கிறது. அகலம் 3.2 செ.மீ., அட்டையில் கச்சிதம்.

டிசம்பர் 18, புதன்

எழுத்து வேலை. அட்டையைப் படுக்கையாகப் பிடித்து எழுதுவதே தமிழுக்கு ஏற்றது. 'சித்தப்பாவுக்கும் சித்திக்கும்' 5 செ.மீ. அகலத்தில் அடங்காது. 0.5 மி.மீ. நிறமி மைப் பேனா போதும். தடித்த முனையில் ண, ஞ, ஸ போன்றவற்றின் சுழிகள் அடைந்துவிடும். ஜெல் பேனா வழுவழு அட்டையில் ஒரு நாள் ஆனாலும் தேய்த்தால் இழுபடும்.

துளை விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே. ஈரத்தில் அட்டை மென்மையாகித் துளை கிழிவது வழக்கம், இரு பக்கமும் காகித வளையம் ஒட்டினால் நிற்கும். 22 செ.மீ. பருத்தி நூலை இரண்டாக மடித்து, மடிப்பைத் துளையில் நுழைத்து, நுனிகளை அதற்குள் விட்டு இழுத்தால் முடிச்சே தேவையில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

கேழ்வரகுப் பச்சை விரல் உயரம். கத்தரியால் மேல்மட்டம் சமன்செய்து குடிலைச் சுற்றி வைத்தோம். வளையத்தில் நான்கு விளக்கும் எரிகின்றன.

ஜனவரி 6, திங்கள்

மூன்று ராஜாக்கள் திருநாள், எல்லாம் இறக்கியாயிற்று. விளக்குச் சரங்களிலிருந்து பேட்டரியைக் கழற்றாமல் வைத்தால் கசிந்து முனைகள் பச்சை பிடிக்கும். நட்சத்திரத்தின் தாளை உரித்துவிட்டு, நடுக் குச்சிகள் ஐந்தையும் எடுத்தால் எலும்புக்கூடு தட்டையாகி அலமாரியின் பின்னால் நிற்கும். சோடா மாவுத் துண்டுகளை டிஷ்யூவில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, இறுக மூடும் டப்பாவில், பிற்பகல் மூன்று மணிக்கு அடைத்தோம்.