மஞ்சள் வவுச்சர்கள்: ஓர் ஆர்டிகிளின் நாட்குறிப்பு

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

மே மாதம் சி.ஏ. படிப்பின் நடுக்கட்டமான இன்டர் எழுதித் தேறி, ஈரோட்டில் ஒரு சின்ன ஆடிட் ஆபீஸில் ஆர்டிகிளாக, அதாவது பயிற்சியாளராக, சேர்ந்திருக்கிறேன். சேர்ந்தது டாக்ஸ் ஆடிட் சீசனில். வியாபாரிகளின் வரித் தணிக்கை ரிப்போர்ட்டை ஏற்ற 30ஆம் தேதி கெடு. உட்கார வைத்துச் சொல்லித்தர இங்கே யாருக்கும் நேரமில்லை. புதுத் திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அதில் இரண்டு சீசன் இப்படியே ஓடிவிடும் போல.

பார்ட்டிகள், அதாவது எங்களிடம் கணக்குக் கொடுப்பவர்கள், பெயரும் தொகையும் இந்தக் குறிப்புகளில் வராது. ஆபீஸின் ஆடிட்டர் சார் முதல் நாளே சொன்ன விஷயம் அது.

5 செப்டம்பர், வியாழன்

சி.ஏ. இன்ஸ்டிட்யூட் பதிவில் எனக்குப் பிரின்சிபல், அதாவது பயிற்சி தருபவர், சார்தான். ஆனால் என் பக்கத்து நாற்காலி அண்ணாவுடையது. சி.ஏ. பாதியில் நின்றுபோனவர். பேரேடு கையால் எழுதிய காலத்திலிருந்து இதே ஆபீஸில் இருக்கிறார். எந்த ரிப்போர்ட்டிலும் அவர் கையெழுத்து வராது. ஆனாலும் எல்லா ஃபைலும் முதலில் அவர் மேஜைக்குத்தான் போகிறது.

கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். அதனால் கேட்கத் தெரிய வேண்டும்!

9 செப்டம்பர், திங்கள்

ஒரு மஞ்சள் மண்டியின் கொள்முதல் வவுச்சர்கள், பணம் கொடுத்ததற்கான சீட்டுகள், என்னிடம் வந்தன. பாதிக்கு மேல் ரொக்கம். ஒரு நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டம், பிரிவு 40ஏ(3). விளைவித்த விவசாயிக்கே நேராகக் கொடுத்தால் மட்டும் விதி 6டிடியில் விலக்கு உண்டு. மண்டிக்காரர் எல்லா வவுச்சரிலும் ‘விவசாயி’ என்று எழுதி, கையெழுத்தும் வாங்கியிருந்தார். எடைச் சீட்டும் பின் அடித்திருந்தது. விதிப்படி எல்லாம் சரிதானே என்று அண்ணாவிடம் கேட்டேன்.

“மஞ்சள் எத்தனை மாசப் பயிரு அம்மணி?”

தெரியவில்லை என்றேன்.

“ஒம்பது மாசம். வைகாசி, ஆனியில நட்டா தை, மாசியில வெட்டு. வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. விலை வரட்டும்னு வீட்டுல வெச்சிருந்தாக்கூட ரெண்டு மூணு தடவையில வித்துருவாங்க. இப்போ ஆள் பேர் வாரியா அடுக்கிப் பாருங்க.”

கணக்கு எழுதும் டேலி மென்பொருளிலிருந்து எக்ஸெலுக்கு எடுத்துப் பெயர்வாரியாக அடுக்கினேன். பெரும்பாலான பெயர்கள் ஒரு தடவை, இரண்டு தடவையோடு நின்றன. நாலைந்து பெயர்கள் மட்டும் ஆடியில் வருகின்றன, ஐப்பசியில் வருகின்றன, பங்குனியிலும் வருகின்றன. வாராவாரம் மூட்டை போடுகிற இவர்கள் விவசாயிகளாக இருக்க வாய்ப்பில்லை. ஊர் ஊராக வாங்கி வந்து விற்கிற வியாபாரிகளாக இருக்க வேண்டும். அப்படியானால் விலக்கு கிடையாது.

சட்டப் பிரிவு எனக்கு எண்ணோடு மனப்பாடம். பயிர்க் கணக்கு எந்த ஸ்டடி மெட்டீரியலிலும் இல்லை. மதியச் சாப்பாடு மூன்றரைக்குத்தான் நடந்தது.

12 செப்டம்பர், வியாழன்

வருமான வரிச் சட்டத்தின் இன்னொரு பிரிவு, 43பி(எச்). சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராவிட்டால், அந்த வருடத்துச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். இந்தக் கணக்கு ஆண்டில்தான் முதன்முதலாக அமலாகிறது. ஒரு விசைத்தறி பார்ட்டிக்கு எப்படிப் பார்ப்பது என்று சாரிடம் கேட்டேன். “எனக்கும் இது புதுசும்மா, உட்காரு” என்றார்.

பிரிவை வரி வரியாகச் சத்தமாக வாசித்தார். ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்கு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தில் என்ன விளக்கம் என்று புரட்டினார். நடுத்தர நிறுவனம் இதில் வராது, வெறும் வியாபாரியும் வர மாட்டார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தார். நூல் விற்றவர் மில்லா, கடையா என்று அந்த நிறுவனங்களுக்கான பதிவுச் சான்றிதழான உத்யம் சான்றிதழை வாங்கிப் பார்க்கச் சொன்னார். மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். இவ்வளவு வருட அனுபவம் உள்ளவர் தெரியாத ஒன்றை எப்படி அணுகுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தெரிந்ததைப் பாடமாக எடுத்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஞாயிறும் ஆபீஸ்.

தோழி ஒருத்தி சென்னையில் பெரிய ஆபீஸில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு ‘மென்டர்’ என்றே ஒருவரை நியமித்திருக்கிறார்கள். மாதம் ஒரு பேச்சு, ஒரு படிவம். ஆள் நல்லவர்தானாம், ஆனால் அவள் செய்கிற ஃபைலை அவர் பார்த்ததே இல்லை. இன்னொருத்தன் வேறு ஊரில் பேங்க்குக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடக்கிறான். இரண்டு வருடம் முடிந்ததும் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி சான்றிதழ்தான் வரும்.

18 செப்டம்பர், புதன்

டீ நேரத்தில் ஆர். சிவபோகம் பற்றிப் பேச்சு வந்தது. இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர், சென்னைக்காரர். சுதேசி இயக்கத்தில் சிறை சென்றவர். 1933இல் ஜி.டி.ஏ. தேறினார். அப்போது கணக்காயர் பட்டம் அதுதான். சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு விதி. வழக்குப் போட்டு வென்று, 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார்.

அவர் பயிற்சி பெற்றது சி.எஸ். சாஸ்திரியிடம். சிவபோகத்தின் துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தக் காலத்தில், ஜெயிலுக்குப் போய் வந்த ஒரு பெண்ணை ஆர்டிகிளாக எடுத்து, பார்ட்டிகளுக்குப் பதில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருந்ததே என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு டீ சொன்னார்.

23 செப்டம்பர், திங்கள்

மஞ்சள் மண்டிக்காரர் நேரில் வந்தார். சார் என்னைப் பார்த்து, “நீயே சொல்லும்மா” என்றார். கை சில்லிட்டது. பெயர்வாரிப் பட்டியலை அவர் முன்னால் வைத்து, வார வாரம் வரும் பெயர்களைக் காட்டினேன்.

“எல்லாம் நம்ம விவசாயிங்கதான் பாப்பா. காலங்காலமா இப்படித்தான் எழுதறோம்.”

இவர்களுக்கு நிலச் சிட்டா, அதாவது நிலம் யார் பேரில் என்று காட்டும் பதிவு, நகல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு சாரைப் பார்த்தார். சார் அதுவரை பேசவே இல்லை. “அந்தப் பொண்ணு கேட்டதுதானுங்க என் கேள்வியும்” என்றார். சிட்டா காட்டினால் ஒத்துக்கொள்வதாகவும், மற்றதை வரித் தணிக்கை ரிப்போர்ட்டின் 3சிடி படிவத்தில், கழிக்க முடியாத ரொக்கச் செலவுக்கான 21(டி)யில் காட்டியே தீர்வதாகவும் சொன்னார். வரி எவ்வளவு கூடும் என்று மண்டிக்காரர் கேட்டதற்குத் தோராயமாகக் கணக்குப் போட்டும் கொடுத்தார். வந்தவர் காபியைத் தொடவில்லை.

அவர் போன பிறகு, வேறு ஆடிட்டரிடம் போய்விட மாட்டாரா என்று கேட்டேன்.

“போகலாம். பேப்பர்ல இன்னிக்குத் தேதி போட்டு, என்ன பேசினோம்னு எழுதி வை.”

எழுதி வைத்தேன். கீழே என் இனிஷியல்.

29 செப்டம்பர், ஞாயிறு

கெடு அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடைசி நாளுக்கு முதல் நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறார்கள். திட்டக்கூடத் தெம்பில்லை. மண்டியின் ரிப்போர்ட்டை நேற்றே ஏற்றிவிட்டோம். மண்டிக்காரர் வருமான வரி போர்ட்டலில் அதை இன்னும் ஏற்கவில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

மண்டிக்காரர் ஏற்றுக்கொண்டார். இரண்டு பேருக்குச் சிட்டா வந்தது. மற்றவர்கள் 21(டி)யில்.

9 அக்டோபர், புதன்

ஆபீஸே தூங்கி எழுந்தது போல் இருக்கிறது. ஆயுத பூஜைக்காக அண்ணா பழைய ஃபைல்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

மதியம் மண்டியின் கணக்கர் கூப்பிட்டார், சாரை அல்ல, என்னை. நடப்பு வருட வவுச்சர்களை எப்படி எழுதுவது என்று கேட்டார். விவசாயியிடம் வாங்கினால் சிட்டா நகலை வவுச்சரோடு சேர்த்து வையுங்கள், வியாபாரியிடம் வாங்கினால் பேங்க் வழியாகத்தான் பணம் என்றேன். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு வவுச்சராகப் பிரித்து எழுதினாலும் சேர்த்துத்தான் கணக்கு என்பதையும் சொன்னேன்.

அண்ணா ஃபைலைத் தூசி தட்டியபடியே, “சிட்டா அப்பன் பேர்ல இருந்தா என்ன பண்றதுன்னும் சொல்லிருங்க” என்றார்.

கணக்கரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று அண்ணாவிடமே கேட்டேன். குடும்ப அட்டை நகலும், மகன்தான் பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. கொடுக்கும் அடங்கலும் (பயிர்ப் பதிவு) வாங்கச் சொன்னார். அதையும் கணக்கரிடம் சொல்லிப் போனை வைத்தேன்.