ஏன் கடைசி ஆளாக உட்கார வைக்கிறோம்?

பல் வைத்தியர்களிடம் கிருமித் தொற்றைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சரியாகவே பதில் சொல்வோம். கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் 121 பாகை என்றால் 15 நிமிடம், 134 பாகை என்றால் 3 நிமிடம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மனப்பாடம். எனக்குக் கவலை தருவது, இரத்தத்தால் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களிடம் நாங்கள் காட்டும் மனப்போக்குத்தான்.

அண்மையில் மூதூரில் இருந்து ஒரு ஐயா திருகோணமலையில் என் கிளினிக்குக்கு வந்தார். கடைவாய்ப் பல் சொத்தை, கன்னம் வீங்கிக் கிடந்தது. கதிரையில் ஏறும் முன்பே மெல்லச் சொன்னார்: "மகள், எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. வேற இடத்தில சொன்னதும், எல்லாரும் போன பிறகு வாங்க எண்டு சொல்லிட்டாங்க. அப்ப பஸ்ஸும் போயிடும்."

அவருடைய இலக்கம் வந்தபோதே பார்த்தேன். அவருக்கு முன்னால் வந்தவரின் இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியதே 2003 இல்தான். உண்மை சொன்னவரை அலைக்கழித்தால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். கடைசி ஆளுக்கு இரண்டு சோடிக் கையுறை, முதல் ஆளுக்கு ஸ்பிரிட்டால் துடைத்த கருவி என்றால், அந்த முதல் ஆள் என்ன பாவம் செய்தார்?

பல் குடையும் ஹான்ட்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் வெளியே பளபளக்கும். ஆனால் சுழற்சி நிற்கும் அந்தக் கணத்தில், வாயில் இருக்கும் எச்சிலையும் இரத்தத்தையும் அது கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தவருக்குப் போடும்போது தண்ணீரோடு அது வெளியே வரலாம். ஹெபடைடிஸ் பி வைரஸோ உடம்புக்கு வெளியே ஒரு கிழமையாவது தாக்குப்பிடிக்கக்கூடியது. அதனால் ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, பையில் போட்டு ஓட்டோகிளேவுக்குள் வைத்தே ஆக வேண்டும். இதற்கு நாலைந்து ஹான்ட்பீஸ் வேண்டும், விலையும் கொஞ்சமல்ல. நடுவில் கரண்ட் போனால் முதலில் இருந்து ஓட விட வேண்டும். கஷ்டம்தான், சரி. அதை நோயாளியின் தலையில் கட்ட முடியாது.

அப்புறம், கருவி கழுவும் பிள்ளைகள். தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றுள்ள ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. தடுப்பூசி என்றால் முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்க்கும்போதே போட்டுவிடுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒன்று: கருவிப் பையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கோபிக்க மாட்டேன்.