இந்த நோட்டீஸ் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது?

'தங்கள் இணைப்பில் இவ்வளவு தொகை குறைவாக வசூலிக்கப்பட்டுள்ளது, 15 நாட்களுக்குள் செலுத்தவும்' என்று மின்வாரியத்திலிருந்து ஒரு தாள் வந்தால், எல்லோரும் முதலில் தொகையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பிரிவு எண்ணை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் ஒவ்வொரு வகைக் கோரிக்கைக்கும் தனி வாசல், தனிக் கெடு. வாசல் தெரியாமல் வேறு இடத்தில் மனுப் போட்டு, அங்கே தள்ளுபடியாகி, உரிய இடத்துக்கு வருவதற்குள் கெடு முடிந்துபோகிறது. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் பணம் கட்டியவர்கள் இதனால்தான் கட்டினார்கள்.

நோட்டீஸில் பிரிவே இல்லை என்றால் உதவிப் பொறியாளருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தப் பிரிவு, எந்தத் தணிக்கைக் குறிப்பு, மாதவாரிக் கணக்குத் தாள் எங்கே. நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்த மன்றத்திலும் மதிப்பில்லை.

பெரும்பாலான கோரிக்கைகள் இரண்டு வகை. ஒன்று, வாரியத்தின் சொந்தத் தவறு: கட்டண வகையைத் தப்பாகப் போட்டது, சி.டி. மீட்டரின் (பெரிய மின்னோட்டத்தைச் சுருக்கி அளக்கும் மீட்டர்) பெருக்கக் காரணியை, அதாவது மீட்டர் காட்டுவதைப் பெருக்க வேண்டிய எண்ணை, குறைத்துப் போட்டது. தணிக்கையில் கண்டுபிடித்து நம்மிடம் கேட்கிறார்கள். இன்னொன்று 126ஆம் பிரிவு: அனுமதி இல்லாத பயன்பாடு. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது இதற்கு நல்ல உதாரணம்.

முதல் வகையில் பலர் நம்பியிருப்பது 56(2)ஐ. 'இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியைக் கேட்க முடியாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுதான். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரஹமத்துல்லா கான் வழக்கில் 2009 முதல் 2011 வரையிலான தவறான கட்டண வகையைத் தணிக்கை பிறகுதான் கண்டுபிடித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பில் கொடுத்த பிறகுதான் தொகை 'முதலில் செலுத்த வேண்டியது' ஆகிறது (இரண்டு வருடக் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடும்), தவறு தெரிந்தபின் கூடுதல் பில் போடலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது, வசூலிக்க வேறு சட்ட வழியைத் தேட வேண்டும். 2021இல் பிரேம் காட்டெக்ஸ் வழக்கில் பெருக்கக் காரணி 10க்குப் பதில் 5 என்று பதிவாகியிருந்தது. நுகர்வோர் இரண்டு வருட வாதத்தையே வைத்தார், தோற்றார்.

ஆகவே கணக்கையே எதிர்க்க வேண்டும். சி.டி. விகிதத்துக்கு ஆதாரம் என்ன? மீட்டர் சோதனை அறிக்கை எங்கே? தவறு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்? ஏற்கெனவே கட்டியது கழிக்கப்பட்டதா? முக்கியமாக, பழைய மாதங்களுக்குத் தாமதக் கட்டணமும் சேர்த்திருக்கிறார்களா? பில் வந்த பிறகுதான் தொகை செலுத்த வேண்டியது ஆகிறது என்ற தீர்ப்பை வாரியம் தனக்குச் சாதகமாகக் காட்டினால், அதே தீர்ப்பு தாமதக் கட்டணத்துக்கு எதிராகப் பேசும்.

வழக்கு நடக்கும்போது வெளிச்சம் போய்விடக் கூடாது. துண்டிப்புக்கு முன் 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் வேண்டும். கேட்ட தொகை, அல்லது முந்தைய 6 மாதச் சராசரியில் கணக்கிட்ட தொகை, இதில் எது குறைவோ அதை 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. 56(1)இன் காப்புரையே (விதிவிலக்கு வாசகமே) இதைச் சொல்கிறது.

126 இதைவிடக் கடுமை. கட்டணம் இரண்டு மடங்கு. எத்தனை காலம் பயன்படுத்தினார் என்று தெரியாவிட்டால் ஆய்வுத் தேதிக்கு முந்தைய 12 மாதம். கடை 3 மாதத்துக்கு முன்தான் திறந்தது என்றால் வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி பதிவு, திறப்பு விழா அழைப்பிதழ் உட்பட எல்லாவற்றையும் ஆட்சேபணையோடு வையுங்கள். நான்கில் ஒரு பங்காகத் தொகை குறையும். முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதை ஏற்றுக்கொண்டு 7 நாளில் கட்டச் சட்டம் இடம் தருகிறது. 'கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்று எதுவும் எழுதாமல் கட்டினால், ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். சம்மதத்தின் பேரில் பிறந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆட்சேபணையைக் கேட்டபின், தற்காலிக உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். அதன்மீது 127இன் கீழ் 30 நாளில் மேல்முறையீடு. பாதித் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இதற்காக நுகர்வோர் நீதிமன்றம் போவது வீண். அனீஸ் அகமது வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. உரிமையியல் நீதிமன்றத்துக்கு 145ஆம் பிரிவு தடை.

முதல் வகைக்கு வாசல், வட்டம்தோறும் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். 126, 135 (மின் திருட்டு) வழக்குகளை அது தொடாது. உத்தரவு திருப்தி இல்லையென்றால் 30 நாளில் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்கறிஞர் தேவையா என்றால், கணக்குத் தகராறில் மீட்டர் தெரிந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் துணை பல நேரம் அதிகம் பயன்படும். பிரதிநிதியாக யார் வரலாம் என்ற விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைப் படித்துவிட்டு அதிகாரக் கடிதம் தயாரியுங்கள். தனிப்பட்ட பில் புகாரை நேராக, கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. மகாராஷ்டிர ஆணையத்துக்கும் ரிலையன்ஸ் எனர்ஜிக்கும் இடையிலான 2007 தீர்ப்பிலேயே இது முடிவாகிவிட்டது.

ஆனால் பில் சரி, கட்டண வீதமே அநியாயம் என்றால் அதற்கு இடம் ஆணையம்தான். அங்கே நுகர்வோர் தரப்பு பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது என்பதுதான் வேதனை. 94(3)இன்படி நுகர்வோர் நலனை முன்வைக்க எவரையும் ஆணையம் அனுமதிக்கலாம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக் கட்டண உயர்வு மனுமீது கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்பு நடந்தது. அதற்கிடையே, சட்டத் துறை உறுப்பினர் இல்லாத ஆணையம் இறுதி உத்தரவு போடக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி தடுத்தார். டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு) அதை ரத்து செய்ய, செப்டம்பர் 9இல் கட்டண உத்தரவு வந்தது. நூற்பாலைகள் தங்களுக்காக வழக்காடின. வீட்டு நுகர்வோருக்காக அப்படிக் கோப்போடு நிற்க ஆள் வேண்டும்.

கருத்துக்கேட்பில் 'உயர்த்தாதீர்கள், மக்கள் தாங்க மாட்டார்கள்' என்பது ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. வாரியத்தின் கட்டண மனுவின் இந்தப் பக்கத்தில் மின்இழப்பு இவ்வளவு என்கிறார்கள், முந்தைய உத்தரவில் அனுமதித்தது இவ்வளவு, வித்தியாசத்தை நுகர்வோர்மேல் ஏற்றக் கூடாது என்று எழுதினால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆணையத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் 45 நாளில் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 124ஆம் பிரிவின்படி நேரிலும் வாதாடலாம், வழக்கறிஞரும் வைக்கலாம். எழுப்பிய ஆட்சேபணைக்கு ஆணையம் காரணத்தோடு பதில் சொல்லவில்லை என்பதை அங்கே காட்ட வேண்டுமானால், அந்த ஒப்புகைத் தாள்தான் முதல் ஆவணம்.