கிளாரா பிரௌன்: சென்ட்ரல் சிட்டி நாட்குறிப்பு

அக்டோபர் 4

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வருக்கு மேற்கே, மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சென்ட்ரல் சிட்டிக்கு இன்று போய்வந்தோம். 1859 மே மாதத்தில் ஜான் கிரெகரி என்பவர் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கம் பொதிந்த பாறையைக் கண்டதும், சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடாரமடித்த இடம் இது. 1878-இல் திறக்கப்பட்ட ஓபரா அரங்கில் ஒரு நாற்காலி கிளாரா பிரௌனின் நினைவுக்கு உரியது. அவர் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்.

அக்டோபர் 5

வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த கிளாராவின் கணவரும் பிள்ளைகளும் 1835-இல் ஏலத்தில் தனித்தனியே விற்கப்பட்டுத் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். விடுதலை கிடைத்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. மேற்கே தங்கம் தேடிப் போகும் மாட்டுவண்டிக் கூட்டம் ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, அதையே பயணக் கூலியாகக் கொடுத்து, புல்வெளியின் பெரும்பகுதியை நடந்தே கடந்து, 1859-இல் டென்வரை அடைந்தார். மற்றவர்கள் தங்கத்துக்காக நடந்த அந்தத் தூரத்தை அவர் நடந்தது, மகள் எலைசா ஜேன் மேற்கே எங்காவது இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில்.

அக்டோபர் 7

சென்ட்ரல் சிட்டி சுமார் 8,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டென்வரிலேயே குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது என்பது நம் வீட்டு அடுப்படி அனுபவம். அந்த உயரத்தில், குளிர்காலத்திலும், விறகு சேர்த்து, தண்ணீர் சுமந்து, சேறும் மெழுகுவர்த்திக் கரியும் அப்பிய கம்பளிச் சட்டைகளைக் கொதிக்கவைத்து அடித்துத் துவைப்பதை நினைத்தால் எனக்கே தோள் வலிக்கிறது.

ஒரு சட்டைக்கு 50 சென்ட் வாங்கினார் என்கிறார்கள். மேற்பரப்பில் சிதைந்திருந்த தாதுவிலிருந்து தங்கத்தை எளிதாகப் பிரிக்க முடிந்தது. ஆழம் போகப்போக வந்த கந்தகத் தாதுவோ பழைய அரவை ஆலைகளுக்கு மசியவில்லை. 1868-இல் பக்கத்து ஊரான பிளாக் ஹாக்கில் உருக்காலை தொடங்கும்வரை பல சுரங்கங்கள் தடுமாறின. சுரங்கம் தோற்றாலும் சட்டை அழுக்காவது நிற்காது என்பதால், சுரங்கத்தைவிட வெளுப்புத் தொழில் உறுதியானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் கிளாரா தம் சேமிப்பை மனைகளிலும் சுரங்கப் பங்குகளிலும் போட்டார். தம் வீட்டிலேயே ஜெபக் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தார். நோயுற்றவர்களையும் கையில் காசில்லாதவர்களையும் அங்கேயே தங்கவைத்தார்.

அக்டோபர் 8

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளைத் தேடிப் போன கடிதங்கள் எல்லாம் பிறர் கையால் எழுதப்பட்டவை.

அக்டோபர் 11

உள்நாட்டுப் போர் முடிந்ததும், தாம் அடிமையாக இருந்த கென்டக்கி மாநிலத்துக்குத் திரும்பிப் போய் மகளைத் தேடினார். மகள் கிடைக்கவில்லை; ஆனால் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான பலரைத் தம் செலவில் கொலராடோவுக்கு அழைத்து வந்தார். 1874-இல் ஊரின் பெரும்பகுதியை எரித்த தீயில் அவருடைய உடைமைகளும் போயின. பிற்பாடு கொலராடோ முன்னோடிகள் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. இன்று மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் அவர் உருவம் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் இருக்கிறது.

எலைசா ஜேன் கொலராடோ வரை வந்திருக்கவில்லை. அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸ் நகரில் இருப்பதாகத் தகவல் வந்ததும், 1882-இல், எண்பது வயதை ஒட்டிய கிளாரா ரயிலேறிப் போய் மகளைப் பார்த்தார். பிரிந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1885 அக்டோபரில் டென்வரில் இறந்தார்.