போதகர் இல்லாத மாதங்கள்

ஒரு போதகர் போய் அடுத்தவர் வரும்வரை சபையைப் பார்த்துக்கொள்வதுதான் என் ஊழியம். ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆள் வேண்டும், அதற்காக வந்திருக்கிறார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிரசங்கம் இதில் சுலபமான பகுதி.

போன ஐயாவின் தொலைபேசி எண்தான் பெரிய பாடு. வீட்டில் ஒரு சாவு என்றால் கை தானாக அந்த எண்ணுக்குத்தான் போகும். கல்யாணம் நடத்தி வைத்தவர், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அழைப்பில்லாமல் முன்னாள் போதகர் அங்கே சடங்குகள் நடத்தக்கூடாது என்று பல திருச்சபைகளில் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு விதி பேச முடியுமா? அதனால் போகிறவர் தன் கடைசி ஆராதனையில் தானே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அவர் வாயால் வந்தால் ஜனங்கள் ஏற்பார்கள். நான் சொன்னால் பொறாமை என்பார்கள்.

அப்புறம், அடுத்தவரை உடனே கொண்டுவரத் துடிக்கும் சபைக் கமிட்டியின் அவசரம். அவர்களிடம் பைபிளில் உபாகமம் 34-ஐ எடுத்துக் காட்டுவேன். மோசே தன் கைகளை வைத்து யோசுவாவை ஏற்கெனவே நியமித்தாயிற்று, அடுத்த தலைவர் தயார். ஆனாலும் மோசே இறந்தபோது ஜனங்கள் மோவாபின் சமவெளியில் 30 நாள் அழுதார்கள். பிஷப் நியமிக்கும் மெதடிஸ்ட் போன்ற அமைப்பில் இடைவெளி பெரும்பாலும் குறைவு. சபையே தேடி அழைக்கும் பாப்டிஸ்ட், பிரஸ்பிடேரியன் சபைகளில் ஒரு வருஷம் ஓடிவிடுவதும் உண்டு.

தேடல் குழு போடும் பட்டியலை வாசித்தாலே போன ஐயாவின் குறைகள் தெரிந்துவிடும். அவர் கண்டிப்பானவர் என்றால் 'எல்லோரிடமும் சிரித்துப் பழகுபவர்' வேண்டும் என்று முதல் வரியிலேயே இருக்கும். சபைக்கு இப்போது என்ன தேவை என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். அந்தக் கேள்வியை விடாமல் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன்.

"நீங்களே இருந்துவிடுங்களேன், ஐயா" என்பார்கள். மாட்டேன். அந்த நாற்காலிக்கு நான் போட்டியில்லை என்பதால்தான் கணக்கு வழக்கையும் பாடகர் குழுச் சண்டையையும் முகத்துக்கு நேராகப் பேச முடிகிறது.

புதியவர் வந்ததும் ஒரு குறிப்பு கொடுப்பேன்: வீட்டிலேயே திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) பெறும் முதியவர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், சாவிகள் யாரிடம் என்ற விவரம். யாருக்கு யாரோடு ஆகாது என்பதை மட்டும் எழுதமாட்டேன். அதை ஜனங்களே முதல் வாரத்தில் அவரிடம் சொல்லிவிடுவார்கள்.