ஐந்து வீதி, ஒரு கோடு

போன ஐப்பசியில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி, கோலப்பொடிக் கிண்ணத்தோடு விழுந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் இரண்டு மாதம் விரலை மடக்கி நீட்டும் பயிற்சி. அந்த மார்கழி முழுக்க எங்கள் வாசலில் நான்தான் கோலம் போட்டேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். இழை கோணினால் அதட்டுகிறவள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

கட்டுப் பிரித்த அன்றே மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டாளாம். "இந்தக் கையால திரும்ப இருதய கமலம் போட்டேன்னா, அஞ்சு வீதியும் நடந்து வந்து உன்னைப் பாக்குறேன் தாயே." அஞ்சு வீதி என்றால் கோவிலை நடுவில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றும் ஐந்து வீதிகள். மாசி முதல் வெள்ளியன்று பூஜையறையில் அந்தக் கோலத்தைப் போட்டுவிட்டாள். பங்குனியில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

இருதய கமலம் போட்டிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டுக் கால்கள், காலுக்கு ஐந்து புள்ளி. முதல் காலில் ஒன்றாம் புள்ளியில் பிடிக்கும் இழை அடுத்த காலில் மூன்றுக்கும், அதற்கடுத்ததில் ஐந்துக்கும் போகும். அப்புறம் இரண்டு, நாலு, மறுபடி ஒன்று. இப்படியே வளைந்து வளைந்து ஐந்து சுற்று வந்து, நாற்பது புள்ளியையும் தொட்டுவிட்டு, தொடங்கிய இடத்திலேயே போய் மூடும். பார்த்தால் எட்டு இதழ்த் தாமரை மாதிரி இருக்கும். இழை ஒன்றே ஒன்றுதான்.

நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லை. அதனால்தான் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் தொட முடிகிறது. எட்டுக்குப் பதில் பத்துக் கால் வைத்தால் ஒரே சுற்றில் மூடிக்கொள்ளும், மிச்சப் புள்ளியெல்லாம் தனியே நின்றுவிடும். இதை எழுதிக்கூடப் பார்க்காத பெண்கள், வெள்ளிதோறும் விரல் நுனியில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அன்று மதியம் சிம்மக்கல்லில் சித்தி வீட்டில் இறங்கினோம். வெயில் தாழ்ந்ததும் கிளம்பிக் கீழவாசலுக்குப் போனோம். கிழக்கில்தான் தொடங்க வேண்டும் என்றாள் அம்மா, சுவாமியும் அம்பாளும் கிழக்கே பார்த்திருப்பதால். வெளி வீதிதான் ஐந்திலும் பெரிய சுற்று. பஸ், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் காதருகே போகும் சாலை. மேல வெளி வீதியில் ரயில் நிலையத்தைத் தாண்டும்போது அம்மா ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "பேசாம ஒரு ஆட்டோ பிடிச்சுருவோமாம்மா?" என்றேன். "இழை பாதியில அறுந்தா கோலமா பாப்பா அது?" என்றவள், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நடந்தாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இரவு எட்டு மணிக்குக் கீழவாசல் வந்தோம். அங்கிருந்து நேரே உள்ளே போனால் விளக்குத்தூண், கீழ மாசி வீதி. இரண்டாம் சுற்றை மறுநாள் விடியலில் அங்கே தொடங்கினோம்.

மாசி வீதியில் விடியலில் நடக்க வேண்டும். மூட்டைகள் வந்து இறங்குவதற்கு முன்னால் வீதியின் அகலம் முழுசாகத் தெரியும். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் அம்மனும் சுவாமியும் தேரில் வருவது இந்த நாலு வீதியில்தான். மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். வீதிக்குப் பழைய பெயரே நின்றுவிட்டது. தேர் மூலை திரும்புவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நேராக ஓடுவது வடம் பிடிக்கிறவர்களின் பலம் என்றால், திரும்புவது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களின் நுணுக்கம். மேல மாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறிய வீட்டைத் தாண்டும்போது அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "வீதியே கோவில்தான், இங்கருந்தே கழட்டிருவோம்" என்றாள்.

மதுரை நகரம் தாமரைப் பூ போன்றது, தெருக்கள் அதன் இதழ்கள், கோவில் நடுவிலுள்ள பொகுட்டு என்று பரிபாடலில் வருகிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது, புலவர் அழகுக்குச் சொன்ன உவமை என்றுதான் நினைத்தேன். இன்று நாம் நடக்கும் வீதிகள் பாட்டுக்கு வெகுகாலம் பிந்திய நாயக்கர் காலத்து அமைப்பு. ஆனால் சதுரத்துக்குள் சதுரமாக நடந்து உள்ளே போகப்போக, பாட்டும் வீதியும் எனக்கு வேறுவேறாகத் தோன்றவில்லை.

தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகள் இன்னும் திறந்திருக்கவில்லை. மூன்றாம் சுற்றை முடித்துக் கிழக்கே வந்து, அம்மன் சன்னிதி நோக்கி ஒரு வீதி உள்ளே திரும்பினோம். அப்போதுதான் சட்டென்று மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு சுற்றையும் கிழக்கில் முடிக்கிறோம், முடித்ததும் ஒரு வீதி உள்ளே தள்ளி அடுத்ததைத் தொடங்குகிறோம். இருதய கமலத்தில் இழை ஒவ்வொரு சுற்று முடிந்து முதல் காலுக்கு வரும்போதும் இதேபோலத்தானே ஒரு புள்ளி தள்ளி நிற்கும்! அம்மா உள்ளிருந்து தொடங்குவதால் முதல் காலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளியே வளரும். அதையே வெளிப்புள்ளியில் பிடித்து ஐந்து, மூன்று, ஒன்று, நாலு, இரண்டு என்று திருப்பிப் போட்டால் ஐந்து, நாலு, மூன்று என்று உள்ளே போகும்.

இருபது வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன், கால் வலித்த பிறகுதான் இது புரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அது தெரியாமலா போடுவாங்க? முதல் கால்ல புள்ளி தள்ளி வரலைன்னா எங்கயோ தப்பு விட்டுட்டோம்னு அர்த்தம்" என்றாள், சாதாரணமாக.

சித்திரை வீதியில் வண்டிச் சத்தம் இல்லை, கல் பாவிய தரை. நாலு பக்கமும் கோபுரம் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அப்புறம் செல்போனைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு, மதிலுக்கு உள்ளே இருக்கும் ஆடி வீதி. அதுதான் ஐந்தாவது. அதில் சுற்றும்போது கோபுரங்கள் தலைக்கு மேலேயே நிற்கும். தெற்குக் கோபுரம் ஒன்பது நிலை, நாலிலும் உயரமானது. கீழே அகன்று மேலே போகப்போகக் குறுகும் அந்த வடிவத்தை அம்மா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். "நிலை நிலையா புள்ளி குறையுது பாரு" என்றாள்.

அஷ்ட சக்தி மண்டபம் வழியாகப் போனோம். பொற்றாமரைக் குளத்தின் சுற்று மண்டபத்தில் விதானத்தைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். சதுரக் கட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் அடுக்கடுக்காக இதழ் விரிந்த தாமரை, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. நம் வாசலில் கிடப்பதைத் தூக்கி மேலே ஒட்டினமாதிரி இருக்கும். அம்மா ஒரு தாமரைக்கு நேர் கீழே நின்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

மதுரை வழக்கப்படி முதலில் அம்மன். வரிசை நகர்ந்து நகர்ந்து கருவறை முன்னால் வந்தபோது தீபாராதனை. பச்சைப்பட்டு, மூக்குத்தி, கையில் கிளி. அம்மா வலது கையை மட்டும் நெஞ்சுக்கு நேராக நீட்டிக் காட்டினாள், பள்ளிக்கூடப் பிள்ளை சிலேட்டைக் காட்டுவதுபோல. நான் வேண்டிக்கொள்ள நினைத்து வந்தது எதுவும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. கண் மறைத்துவிட்டது.

சுவாமி சன்னிதியில் இந்திர விமானத்தை எட்டு யானைகளும் 32 சிங்கங்களும் 64 பூதகணங்களும் தாங்குவதாகச் சொல்வார்கள். சுற்றிவரும்போது யானைகளை மட்டும் தொட்டுத் தொட்டு எண்ணினாள் அம்மா. எட்டு என்றதும் ஒரு திருப்தி அவள் முகத்தில். ஆயிரங்கால் மண்டபத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். 985 தூண்கள். எங்கே நின்று பார்த்தாலும் வரிசை பிசகாது.

திரும்பி வந்தபோது அம்மா குளக்கரைப் படியில் இருந்தாள். நடுவில் பொன் தாமரை, தண்ணீரில் கோபுர நிழல். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கையை நீட்டு" என்றாள்.

குங்குமம் ஒட்டியிருந்த விரலால் என் உள்ளங்கையில் புள்ளி வைக்கத் தொடங்கினாள். மணிக்கட்டு இன்னும் லேசாக நடுங்கியது. எட்டுக் காலுக்கும் உள்ளங்கையில் இடம் எங்கே? ஒரு கால்தான் கொண்டது. வெளிப்புள்ளியைத் தொட்டு "வெளி வீதி" என்றாள். அப்புறம் மாசி, ஆவணி மூலம், சித்திரை, ஆடி. விரல் உள்ளங்கை நடுவில் வந்து நின்றது. எடுக்கவில்லை.

உள்ளே மேளம் கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மன் சன்னிதிப் பக்கம் நடந்தோம்.